முப்பத்தைந்து நிமிட சாமுராய்

நான் ஒரே ஒரு முறை சாமுராயாக இருந்திருக்கிறேன். மொத்தம் முப்பத்தைந்து நிமிடம். குவைத்தில், அப்பாசியாவில் ஒரு பள்ளிக்கூட ஹாலில், பொங்கல் விழா மேடையில். சாமுராய் என்றால் அந்தக் காலத்து ஜப்பானில் ஒரு பிரபுவுக்குக் கீழே வாளைச் சுமந்து சேவகம் செய்தவன். பிரபு நில் என்றால் நிற்பான், சாவு என்றால் சாவான். நான் நன்றாகவே நடித்தேன் என்று இன்றும் சொல்கிறார்கள். அதற்குப் பிறகு வந்த ஒரு கால் மணி நேரத்தைப் பற்றி யாரும் எதுவும் சொல்வதில்லை, ஏனென்றால் அது யாருக்கும் தெரியாது. அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

2003ஆம் வருடத் தொடக்கம். பக்கத்து நாட்டில் போர் வரப்போகிறது என்று டிவியில் நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஜமியாவில், அதாவது கூட்டுறவுக் கடையில், டேப்புக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் வரிசை நின்றது. எங்கள் ரூமில் ஏழு பேர். விஷவாயு உள்ளே வராமலிருக்க ஜன்னலுக்கு பிளாஸ்டிக் ஒட்டி நாலு பக்கமும் டேப் அடித்திருந்தோம். எக்ஸாஸ்ட் பேன் ஓட்டையையும் அடைத்தாயிற்று. அதனால் விஷவாயு வருகிறதோ இல்லையோ, மீன் பொரித்த வாடை மூன்று நாளைக்குப் போகாது. சைரன் ஒத்திகை வைத்தபோதெல்லாம் நான் கட்டிலுக்கு அடியில் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பேன். எங்கே ஓடுவதாக நினைத்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

ஒளிப்பானேன், நான் பயந்தாங்கொள்ளி. தூத்துக்குடிப் பக்கம் கடற்கரை ஊரில் பிறந்து, எங்கள் குடும்பத்தில் கடலுக்குப் போகாத முதல் ஆண்பிள்ளை என்று பெயர் வாங்கியவன். அலை காலைத் தொட்டாலே மணல்மேட்டுக்கு ஓடிவிடுவேன். அதற்காகவே ஐ.டி.ஐ. சேர்ந்து இரும்போடு பழகினேன். இரும்பு அசையாமல் ஒரே இடத்தில் நிற்கும் என்பது அதில் எனக்குப் பிடித்த விஷயம்.

குவைத்துக்கு வந்தது காதிம் விசாவில், அதாவது வீட்டு வேலைக்காரன் விசாவில். காகிதத்தில் நான் ஒரு குவைத்தியின் வீட்டில் பாத்திரம் கழுவுகிறவன். அந்த வீட்டை நான் பார்த்ததே இரண்டு தடவைதான். உண்மையில் வேலை பார்த்தது ஷுவைக்கில், ஹோட்டல்களுக்கு ஸ்டீல் சமையலறை செய்து கொடுக்கும் பட்டறை ஒன்றில். என்னைப் போல அங்கே இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். இந்த விசாவில் வெளியே வேலை பார்ப்பது குற்றம் என்பதால், வாசலில் தெரியாத வண்டி வந்து நின்றால் கையில் ஓடிக்கொண்டிருக்கும் கிரைண்டரை அப்படியே போட்டுவிட்டுப் பின்பக்கம் ஓடுவோம். பிடிபட்டால் லாக்கப், கைரேகை, விமானம். அப்புறம் இந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்க முடியாது. என் தங்கை நாகர்கோவிலில் நர்சிங் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். நான் ஊர் திரும்பினால் அவளும் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வர வேண்டியதுதான்.

பட்டறைக்கு போர்மேன் ஒருவர். திருநெல்வேலிக்காரர், நாற்பத்தைந்து வயது, குவைத்தில் பதினெட்டு வருடம், ஒழுங்கான கம்பெனி விசா. எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. இன்ஸ்பெக்டர்கள் வரும்போது அவர் டீ கிளாஸோடு வாசலில் போய் நின்றுகொள்வார். உடைந்த அரபியில் உடம்பு சுகமா, பிள்ளைகள் சுகமா, ஒட்டகம் சுகமா என்று ஒவ்வொன்றாக விசாரிப்பார். நாங்கள் கடைசி ஆள் சுவர் தாண்டிக் குதிக்கும் சத்தம் காதில் விழுந்த பிறகுதான் வழி விடுவார். ஒரு தடவை நான் பயத்தில் சுவர் ஏற முடியாமல் தொங்கிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அவர் இன்ஸ்பெக்டரின் காலில் சூடான டீயைத் தவறுதலாகக் கொட்டிவிட்டார். அது தவறுதல் இல்லை என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அண்ணாச்சி அதற்கு முன்னால் ஒரு ஆயில் கம்பெனி வேலையில் ஜப்பான் எஞ்சினியர் ஒருவருக்குக் கீழே இருந்தார். அந்த மனிதர் மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் தினம் ஒரு கதை சொல்வாராம். அதில் ஒன்றைத்தான் அந்த வருடப் பொங்கல் விழாவுக்கு நாடகமாகப் போடுவோம் என்று அண்ணாச்சி கிளம்பினார். விழாக் கமிட்டிக்கும் அது பிடித்துப்போனது. போர் நேரம், சண்டை, அரசியல் என்று எதையாவது பேசி வம்பில் மாட்டக் கூடாது என்று அவர்களுக்குப் பயம். நானூறு வருடத்துக்கு முன்னால் செத்துப்போன ஜப்பான்காரனைப் பற்றி யார் என்ன கேட்கப் போகிறார்கள்.

கதை சின்னது. ஒரு பிரபு போரில் தோற்று, மிச்சமிருக்கும் ஒரே ஒரு சாமுராயோடு ஒளிந்திருக்கிறார். எதிரிகள் வளைத்துவிடுகிறார்கள். வாசலில் நின்று, இங்கே யார் பிரபு என்று கேட்கிறார்கள். சாமுராய், பிரபுவின் வாளை எடுத்து இடுப்பில் சொருகிக்கொண்டு வெளியே போய், நானே என்கிறான். அவனை வெட்டுகிறார்கள். பிரபு தப்பிக்கிறார். அவ்வளவுதான்.

பிரபு வேஷம் அண்ணாச்சிக்கு. சாமுராய் யார் என்று ரூமில் பேச்சு வந்தபோது அவர் என்னைப் பார்த்தார்.

"நீதாம்ல சரி. குட்டையா, வெறப்பா இருக்க. மூஞ்சியும் எப்பவும் சாவப்போறவன் மாதிரியே இருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. ஆனால் உள்ளுக்குள் ஒரு சந்தோஷமும் இருந்ததை மறுக்க மாட்டேன்.

வெள்ளிக்கிழமை காலைகளில் பள்ளிக்கூட வராந்தாவில் ஒத்திகை. உடைக்குப் பிள்ளைகளுக்குக் கராத்தே சொல்லித்தரும் மாஸ்டரிடம் இரண்டு வெள்ளை உடுப்பும், பிரபுவுக்குப் போர்த்தப் பள்ளிக்கூடத்தில் பட்டமளிப்பு விழாக் கறுப்பு அங்கி ஒன்றும் கடன் வாங்கினோம். ஒரு விஷயத்தை மட்டும் நான் திரும்பத் திரும்பத் தப்பாகச் செய்தேன். பிரபுவின் முன்னால் மண்டியிடும்போது சாமுராய் தன் வாளை வலது பக்கம் வைக்க வேண்டும். நான் இடது பக்கம் வைப்பேன்.

"ஏல, எடது பக்கம் வச்சா வலது கையால சட்டுன்னு உருவிருவ. வலது பக்கம் வச்சா உருவ முடியாது. உமக்கு என்னால ஒரு கேடும் வராதுன்னு சொல்லுத மாதிரி. அந்த ஜப்பான்காரன் இத மட்டும் மூணு தடவ சொன்னான்."

வாள் என்று நான் இங்கே சொல்வது அப்போதைக்கு ஒரு துடைப்பக் குச்சி. நாடகத்தன்றைக்கு அட்டையில் வெட்டி வெள்ளித்தாள் ஒட்டிக்கொள்ளலாம் என்று அண்ணாச்சி சொன்னார். அங்கேதான் என் புத்தி வேலை செய்தது.

பட்டறையில் என் வேலை பஃப்பிங். ஸ்டீலைத் தேய்த்துத் தேய்த்து முகம் தெரிகிற மாதிரி ஆக்குவது. நாள் முழுக்க அந்தக் கையோடு இருந்துவிட்டு, மேடையில் வெள்ளித்தாள் ஒட்டிய அட்டையைத் தூக்கிக்கொண்டு நிற்க எனக்கு வெட்கமாக இருந்தது. கீழே உட்கார்ந்து பார்க்கப் போகிறவர்களில் பாதிப் பேர் வெல்டர், பிட்டர், பேப்ரிகேட்டர். நாளைக்குச் சாப்பாட்டு வேளையில் கிண்டல் செய்வார்கள். அடுப்புக்கு மேலே புகைக்கு வைக்கும் ஹூட் வெட்டியது போக மிச்சம் கிடந்த மூன்று எம்.எம். ஷீட்டில் இரண்டு வாள் வெட்டினேன். ரோலரில் கொடுத்து லேசாக வளைத்தேன். ஓரத்தைக் கிரைண்டரில் சாய்த்துப் பிடித்தேன். கைப்பிடிக்குக் கறுப்பு நாடா சுற்றினேன். பிறகு நாலு நாள், டூட்டி முடிந்த கையோடு, கண்ணாடிப் பாலிஷ் வரும்வரை தேய்த்தேன். குவைத்தே போருக்குப் பயந்து கிடக்கிற மாதத்தில் உட்கார்ந்து இரண்டு நிஜ வாள் செய்தவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அண்ணாச்சி வாளைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். 

"நல்லாத்தாம்ல செஞ்சிருக்க. ஆனா இது வேண்டாம். ரோட்டுல இப்ப இருக்குத கெடுபிடிக்கு, இதக் கொண்டு போறது சரிவராது."

"சீட்டுக்குப் பின்னால துணியில சுத்தி வச்சிருவோம் அண்ணாச்சி. ஒரு மணி நேரந்தான. யாரு பாக்கப் போறா?"

நான் கெஞ்சினேன். அவர் என் கையைப் பார்த்தார். பஃப்பிங் சக்கரம் இழுத்து இரண்டு விரலில் தோல் போயிருந்தது. சரி என்று தலையாட்டினார்.

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து ரோடு காலியாக இருக்கும்போது பட்டறை பிக்கப்பில் போய்ச் சேர்ந்தோம். வழியில் ஒரு தொந்தரவும் இல்லை. முதல் நிகழ்ச்சியே எங்கள் நாடகம். வாளை உருவியதும் ஹால் முழுக்க ஒரு சத்தம் எழுந்தது. மேடை லைட் அதில் பட்டு முன்வரிசை முகங்களில் அடித்தது. நான் மண்டியிட்டு வாளை வலது பக்கம் வைத்தேன். சரியாக வைத்தேன். கடைசியில் எதிரிகள் கேட்டபோது, நெஞ்சை நிமிர்த்தி, "நானே" என்றேன். குரல் எனக்கே புதிதாக இருந்தது. பெண்கள் பக்கம் யாரோ மூக்கைச் சிந்தினார்கள். செத்துக் கிடக்கும்போது கைதட்டல் என் முதுகுக்குக் கீழே பலகையில் அதிர்ந்தது. நான் தைரியசாலிதான் என்று அந்த ஒரு நிமிடம் நம்பினேன்.

நாலு மணிக்குள் பிக்கப்பைப் பட்டறையில் விட வேண்டும். யாருக்கோ ஹூட் இறக்கக் கொண்டுபோக டிரைவர் காத்திருப்பான். நான் தேங்காய் எண்ணெயால் முகத்தைத் துடைத்து, பேன்ட் சட்டைக்கு மாறிக்கொண்டேன். அண்ணாச்சிக்கு அதற்கு நேரமில்லை. மையில் வரைந்த தாடியோடும் கராத்தே பேன்ட்டோடும் வண்டியை எடுத்தார். வாள்கள் கறுப்பு அங்கியில் சுற்றி சீட்டுக்குப் பின்னால் இருந்தன.

போகும்போது இல்லாத செக்போஸ்ட் வரும்போது இருந்தது. பாலத்துக்குக் கீழே இரண்டு போலீஸ் ஜீப்பைக் குறுக்கே நிறுத்தி ஒவ்வொரு வண்டியாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கு முன்னால் எட்டோ ஒன்பதோ வண்டி. திரும்பிப் போக வழியில்லை. என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. வண்டிகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. தங்கையின் முகம் ஞாபகத்துக்கு வரவில்லை, பெட்டிதான் வந்தது. அவள் ஹாஸ்டலுக்குக் கொண்டுபோன பச்சைத் தகரப் பெட்டி.

"ஒண்ணும் ஆவாது. நீ சும்மா இரி," என்றார் அண்ணாச்சி. 

இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள். பெரியவர் அண்ணாச்சி பக்கம், சின்னவர் என் பக்கம். பெரியவர் அண்ணாச்சியின் தாடியைப் பார்த்தார். கராத்தே பேன்ட்டைப் பார்த்தார். இறங்கச் சொன்னார். சீட்டை மடக்கி அங்கியை இழுத்தார். வாள் இரண்டும் ரோட்டில் விழுந்து கணீரென்று சத்தம் போட்டன. நாலு நாள் உழைத்துச் செய்த சத்தம் அது.

அண்ணாச்சி மஸ்ரஹியா, மஸ்ரஹியா என்றார். நாடகம் என்று அர்த்தம். பெரியவர் ஒரு வாளை எடுத்து விரலால் சுண்டினார். ஓரத்தில் கட்டைவிரலை வைத்துப் பார்த்துவிட்டு உடனே எடுத்துக்கொண்டார். நாடகத்துக்கு யார் இப்படிச் செய்வார்கள் என்று அவர் கேட்டிருந்தால் அது நியாயமான கேள்விதான். அவர் அதைக் கேட்கவில்லை. எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்து, "ஹக் மினு?" என்றார்.

யாருடையது என்று அர்த்தம். கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை பட்டறையில் காதில் விழுகிற சாதாரண வார்த்தை. ஸ்பேனரைத் தூக்கிக் காட்டியும் அப்படித்தான் கேட்பார்கள். பதில் எனக்குத் தெரியும். நான் வெட்டியது, நான் வளைத்தது, வேண்டாம் என்று சொன்ன மனிதரிடம் நான் கெஞ்சி எடுத்து வந்தது.

"மால் அனா," என்றார் அண்ணாச்சி. என்னுடையது.

இன்னொரு வாளையும் எடுத்துக் கொடுக்கச் சொல்லி, அண்ணாச்சி எடுத்ததும் என்ன நினைத்தாரோ, கீழே வைத்து மண்டியிடு என்று பெரியவர் கத்தினார். அண்ணாச்சி ரோட்டில் மண்டியிட்டார். கையிலிருந்த வாளைத் தன் வலது பக்கம் வைத்தார். அதற்கு என்ன அர்த்தம் என்று அந்த ரோட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

சின்னவர் என் சிவில் ஐடியை வாங்கிப் பார்த்தார். அதில் காதிம் என்று இருந்தது. அந்த அட்டையில் தப்பு ஒன்றும் இல்லை. வீட்டு வேலைக்காரன் ஒருவன் யாருடைய வண்டியிலோ தொற்றிக்கொண்டு போகிறான் என்றால் விட்டுவிடுவார்கள். பட்டறைக்காரரோடு பட்டறைக்காரனாகப் போகிறான் என்றால் விட மாட்டார்கள். அவர் அண்ணாச்சியைக் காட்டி, "ஹாதா தும் மாலும்?" என்றார். இவரை உனக்குத் தெரியுமா?

நான் இல்லை என்று தலையை ஆட்டினேன். "மாஃபி மாலும்," என்றேன். தெரியாது.

அதற்குப் பிறகுதான் அண்ணாச்சி பேசினார். தலையைத் தூக்காமல், ரோட்டைப் பார்த்துத் தன் விதியை நொந்து புலம்புகிறவர் மாதிரி, தமிழில்.

"எம்மேல பழி போடுல. தெரியாதுன்னு சொல்லிரு. வழியில ஏத்துனேன்னு சொல்லு."

உஸ்குத், வாயை மூடு என்று பெரியவர் அதட்டினார். அண்ணாச்சி அரபிக்கு மாறி, அவன் பாவம், ரோட்டில் நின்றான், ஏற்றிக்கொண்டேன் என்றார். சின்னவர் அட்டையை என் மடியில் போட்டார். "யல்லா, ரூஹ்," என்றார். போ என்றார், போனேன். வந்த வழியே அப்பாசியாவை நோக்கி நடந்தேன். வாள்களை ஜீப்பில் எறியும் சத்தம் பின்னால் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் எனக்கு அவரைத் தெரியும் என்று தெரிந்துவிடும்.

அடுத்த நாள் முதல் வேலையாகப் பட்டறைக்குப் போய், மிச்ச ஷீட்டில் வாள் வடிவத்துக்கு விழுந்திருந்த ஓட்டையைத் துண்டு துண்டாக நறுக்கினேன். ஒரே இடத்தில் போடாமல் மூன்று குப்பைத் தொட்டியில் பிரித்துப் போட்டேன். மலையாளி வெல்டர் ஒருவர் பார்த்துக்கொண்டே நின்றார். ரூம் மாடிப்படியில் யார் பூட்ஸ் சத்தம் கேட்டாலும் கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். அண்ணாச்சி என் பெயரைச் சொல்லியிருப்பார், இன்றைக்கு வருவார்கள், நாளைக்கு வருவார்கள் என்று காத்திருந்தேன். அவரை என்ன செய்கிறார்களோ என்ற கவலை எனக்கு அப்புறம்தான் வந்தது. இதை எழுதக் கூசுகிறது, ஆனால் அந்த வரிசையில்தான் வந்தது.

யாரும் வரவில்லை. மூன்று வாரம் கழித்து அவரை லாக்கப்பிலிருந்தே நேராக விமானம் ஏற்றினார்கள். கைரேகை வைத்து, இனி வரவே முடியாதபடி. பெட்டியை விமான நிலையத்தில் கொண்டு கொடுக்க கம்பெனி ஆள் போனான். அதை அடுக்கியது நான். ஒவ்வொரு சட்டையாக மடித்து வைத்தேன். ரூமில் இருந்தவர்கள், சொந்தத் தம்பி கூட இப்படிச் செய்ய மாட்டான் என்றார்கள். வாயைப் பொத்துங்க என்று கத்தினேன். துக்கத்தில் கத்துகிறான் என்று அதையும் நல்லவிதமாகவே எடுத்துக்கொண்டார்கள்.

போர் வந்தது, சைரன் நிஜமாகவே அலறியது, போர் எங்களைத் தாண்டிப் போனது. நான் இன்னும் ஆறு வருடம் அங்கேயே இருந்தேன். தங்கை படித்து முடித்து இப்போது ஓமானில், சலாலாவில் ஒரு ஆஸ்பத்திரியில் இருக்கிறாள்.

லீவில் வந்த முதல் தடவை அண்ணாச்சியைப் பார்க்கப் போகவில்லை. இரண்டாவது தடவை போனேன். தென்காசி ரோட்டில் கேட், கிரில் செய்யும் சின்னப் பட்டறை வைத்திருந்தார். முடி முழுக்க நரைத்திருந்தது. பஸ் முழுக்க ஒரே ஒரு வாக்கியத்தை மனதில் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தேன். நீங்க சொல்லுததுக்கு முன்னாலயே நான் தெரியாதுன்னு சொல்லிட்டேன் அண்ணாச்சி. அவ்வளவுதான். இதைச் சொல்லிவிட்டால் மூச்சு விடலாம்.

என்னைக் கையைப் பிடித்து வீட்டுக்குள் கூட்டிப் போய் அவர் மனைவியிடம் நிறுத்தினார்.

"இவந்தான். சொன்னம்லா. அன்னைக்கு நான் ஒரு வார்த்த சொன்னேன், தெரியாதுன்னு சொல்லிருலன்னு. அப்பிடியே கேட்டான். வேற எவனா இருந்தாலும் அழுது ஆர்ப்பாட்டம் பண்ணி ரெண்டு பேரையும் உள்ள தள்ளிருப்பான். இவன் சொன்ன பேச்சக் கேட்ட பய."

அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உக்காரும் கொழுந்தனாரே, இந்தா காப்பி கொண்டாரேன்," என்று உள்ளே போனார்.

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். அன்றைக்கு ரோட்டில் அவர் என்னிடமிருந்து நாலடி தூரத்தில்தான் மண்டியிட்டிருந்தார். நான் சொன்னது அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். விழாமலும் இருந்திருக்கலாம், பெரியவர் அப்போது கத்திக்கொண்டிருந்தார். மனைவியிடம் இவர் நிஜமென்று நம்பிச் சொல்கிறாரா, இல்லை வாசலில் டீ கிளாஸோடு நின்ற மாதிரி இன்னும் எனக்காக நின்றுகொண்டிருக்கிறாரா என்று கேட்க வேண்டும். வாய் திறந்தேன். செக்போஸ்ட்டில் வந்த அதே பயம் வந்தது, அதே இடத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டது.

அவர் மனைவி காப்பியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். "குடில, ஆறுது," என்றார் அண்ணாச்சி.

குடித்தேன். "காப்பி நல்லா இருக்கு மதினி," என்றேன்.